எண்ணிக்கை

மே மாத முதல் ஞாயிறு. சுவிட்சர்லாந்தின் க்ளாருஸ்.
மலையை விட்டுப் பனி இன்னும் இறங்கவில்லை.
சதுக்கத்தில் இந்த மர வளையத்தை
விடிகாலை நாலு மணியிலிருந்து
பலகை பலகையாய்ப் பூட்டியது நாங்கள்தான்,
நானும் ஸெகெரெதாவும்.
இப்போது கயிற்றுக்கு வெளியே நிற்கிறோம்.
காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது.

உள்ளே ஊரே நிற்கிறது.
பல் மருத்துவர், பாலாடைக்கட்டிக் கடைக்காரர்,
அறைச் சாவியைத் தொலைக்கவில்லை என்று
நேற்று என்னிடம் புளுகிய பையன்.
அவனுக்குப் பதினாறு ஆகிவிட்டதாம். கையில் அட்டை.
கேள்வி பெரிதொன்றுமில்லை:
நள்ளிரவுக்குப் பின் தெருவிளக்கை அணைப்பதா, வேண்டாமா.
ஒரு மணி நேரமாகப் பேசுகிறார்கள்.
ஒருவர் வௌவாலுக்காகப் பேசினார்.
சிரித்தேன். பிறகு ஏனோ தொண்டை அடைத்தது.
வௌவாலுக்கு வக்காலத்து வாங்க ஓர் ஆள்,
மேகத்தின் கீழ் நின்று அதைக் கேட்க
ஆயிரக்கணக்கில் ஆட்கள்.

பெலாரூஸில், க்ரோத்னோ நகரில், நான் கணக்கு டீச்சர்.
தேர்தல் வந்தால் பள்ளிதான் சாவடி,
நாங்கள்தான் அதிகாரிகள்.
குறை சொல்ல முடியாது. எல்லாம் இருந்தது:
திரை, முத்திரையிட்ட பெட்டி, நூலில் கட்டிய பேனா,
வாசலில் மலிவு விலைக்கு முட்டைக்கோஸ் அப்பம்,
ஓர் அக்கார்டியன்.
அத்தனை ரகசியம் அந்த ஓட்டு,
எங்கே போனதென்று போட்டவருக்கே தெரியாது.
முந்தின நாள் மாலையே
தலைமையாசிரியை லுத்விகா
பென்சிலில் ஓர் எண் எழுதிய சீட்டை
என் நோட்டுக்குள் செருகினாள்.
"விடை இது. வழியை நீ எழுதிக்கொள்."
எழுதினேன்.
வழி காட்டாத விடைக்கு மதிப்பெண் கிடையாது என்று
இருபத்தோரு வருடம்
பிள்ளைகளின் தாளில் சுழித்த அதே கை.

ஸெகெரெதாவிடம் இதைச் சொன்ன அன்று
அவள் படுக்கை விரிப்பை
நாலாய் மடித்து முடித்துவிட்டுக் கேட்டாள்:
"பெட்டி இருந்ததா உங்களுக்கு?"
அவள் அஸ்மாராவில் பிறந்த நாளிலிருந்து
பொய் சொல்வதற்குக்கூட
யாரும் ஒரு பெட்டியைக் கொண்டு வரவில்லை.
கையைத் தூக்கச் சொன்னதுண்டு,
லாரியில் ஏற்றும் முன்.
பொய்ப் பெட்டி மேலா, பெட்டியே இல்லாதது மேலா என்று
சலவை எந்திரம் சுற்றி ஓயும் வரை
இரண்டு பேரும் கத்தினோம்,
இருவருக்கும் சொந்தமில்லாத ஜெர்மனில்.

இங்கே திரை கிடையாது.
தூக்கிய கை ஊருக்கே தெரியும்.
எங்கள் விடுதியில் பரிமாறும் வ்ரேனி
பின்னிரவில் நடந்து வீடு போகிறவள்,
விளக்கு வேண்டும் அவளுக்கு.
மின்கட்டணத்தைப் பற்றிப் புலம்பும் முதலாளி ஹெஃப்டி
இரண்டு வரிசை பின்னால்.
"எரியட்டும் என்பவர்கள்?"
அவள் அட்டை தோள் வரை போனது,
நின்றது,
காது மடலைச் சொறிந்துவிட்டு இறங்கியது.
அந்தச் சொறிதலை எனக்குத் தெரியும்.
க்ரோத்னோவின் ஆசிரியர் அறையில்
அதற்கென்று ஒரு நாற்காலியே உண்டு.

மேடையில் நின்றவர் கண்ணைச் சுருக்கினார்.
"தெளிவாக இல்லை. இன்னொரு முறை."

தெளிவாக இல்லை!
ஓர் அரசாங்கம் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.
எங்களுக்கு எப்போதுமே தெளிவு,
தசமப் புள்ளி தாண்டியும்.

மறுபடியும் கைகள். வ்ரேனியைத் தேடினேன்.
யாரோ குடை விரித்து மறைத்துவிட்டார்கள்.
தூறலா என்று பார்க்க
உள்ளங்கையை நீட்டினேன், தலைக்கு மேல்.
கயிற்றோரக் காவலர் ஓடி வந்தார்,
மரியாதையாகத்தான்:
"அம்மா, கையை இறக்குங்கள்.
எண்ணிக்கை குழம்பும்."

ஸெகெரெதா காப்பியைத் துப்பிச் சிரித்தாள்.
நான் இறக்கினேன்.
இந்தக் கையால் ஒரு கணக்கு குழம்பும் என்று
இதுவரை எந்த தேசமும் பயந்ததில்லை.
ஈரத்தோடு
கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன் அதை,
செலவழிக்காத சில்லறையைப் போல.